மிரண்டு வந்த வளர்ந்த கிளி: விட்டுத்தான் பிடிக்க வேண்டும்

வேறொருவர் வீட்டில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு உங்களிடம் வந்து சேரும் கிளி, முதல் நாளே தோளில் ஏறி உட்கார்ந்து கொஞ்சாது. தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கப் போனாலே கூண்டின் பின்மூலைக்கு ஓடும். சில கிளிகள் சீறும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியாக இருந்தால் தொண்டைக்குள் உறுமும். சில, மூச்சுகூட விடாததுபோல் உறைந்து நிற்கும். “இவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தோமே, கொஞ்சமாவது ஒட்டக் கூடாதா?” என்று மனம் சுருங்குவது இயல்புதான். ஆனால் கிளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், பழகிய ஓசை, பழகிய முகம், பழகிய சன்னல் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயிருக்கின்றன. பதிலுக்கு வந்திருப்பது நீங்கள்.

கிளி, வேட்டையாடும் பறவைகளுக்கு இரையாகும் இனம். ஆபத்து எந்தத் திசையில் வந்தாலும் தெரிய வேண்டும் என்பதால் அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருக்கின்றன. வேட்டையாடும் பறவையோ இரண்டு கண்களையும் இரைமேல் நாட்டி, நேர்கோட்டில், பெரும்பாலும் மேலிருந்து வரும். அன்போடுதான் என்றாலும் நாமும் அப்படியேதான் போகிறோம்: முகத்தை நேரே வைத்து, கண்ணிமைக்காமல் பார்த்து, மேலிருந்து கையை நீட்டிக்கொண்டு. கையால் ஊட்டி வளர்த்த குஞ்சுக்கு இது பழகிவிடும். வளர்ந்து வந்த கிளிக்கு முன்னனுபவம் இருக்கிறது. கை வந்தால் பிடிபடுவோம், துண்டு வந்தால் சுற்றப்படுவோம் என்று அது ஒருமுறை கற்றுக்கொண்டிருந்தால், அதை அழித்துவிட முடியாது. அதன்மேல் நல்ல அனுபவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தான் முடியும்.

அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கிளி “வேண்டாம்” என்று சொன்னால் அந்த வேண்டாம் உங்கள் வீட்டில் செல்லுபடியாக வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்து பிறந்தவை.

வருவதற்கு முன்

பழைய வீட்டாரிடம் பேச வாய்ப்பிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன தின்னும், எத்தனை மணிக்குத் தூங்கும், எந்தச் சொல்லைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ஆண்களிடம் பயமா பெண்களிடம் பயமா, துடைப்பம், தொப்பி, குறிப்பிட்ட நிறத் துணி என்று எதையாவது கண்டால் மிரளுமா, கடைசியாக அதை எப்படிப் பிடித்துக் கூண்டில் போட்டார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில், அடுத்த பல மாதங்களுக்கு எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிவிடும். பழைய கூண்டு உறுதியாகவும் போதிய இடத்தோடும் இருந்தால் அதையே வாங்கி வாருங்கள். பளபளக்கும் புதுக்கூண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடித்துக் குதறிய பழைய பொம்மையையும் எறியாதீர்கள்.

தீனியையும் உடனே மாற்ற வேண்டாம். வெறும் விதை மட்டும் தின்று வந்த கிளிக்குப் பெல்லட்டும் (சத்துகள் கலந்து உருண்டையாக்கிய தீனி) காய்கறியும் நல்லதுதான். ஆனால் அது பயம் தெளிந்த பிறகு மெல்லச் செய்ய வேண்டிய வேலை. மிரண்ட கிளிக்குப் பழக்கமில்லாத தீனியைக் கொடுத்தால் பட்டினி கிடந்தாலும் கிடக்கும்.

கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டியிருக்கட்டும். நாலாபுறமும் திறந்த நடுக்கூடத்தில் வைத்தால் அது எந்தப் பக்கத்தைத்தான் கவனிக்கும்? ஆட்கள் சட்டென்று எதிர்ப்படும் கதவோரமும் வேண்டாம். அது உட்காரும் கம்பு உங்கள் நெஞ்சளவு அல்லது கண்ணளவு உயரத்தில் இருப்பது நல்லது. உயரத்தில் உட்கார்ந்தால் கிளி உங்களை ஆள நினைக்கும் என்றொரு பேச்சு இன்னும் உலவுகிறது. நான் அதை நம்புவதில்லை. உயரம் அதற்குப் பாதுகாப்பு, அவ்வளவுதான். சமையலறையில் வைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடான நான்ஸ்டிக் பாத்திரத்திலிருந்து எழும் வாயு கண்ணுக்குத் தெரியாது. கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும்.

மருத்துவப் பரிசோதனையைப் பலர் “கொஞ்சம் பழகட்டும்” என்று தள்ளிப்போடுகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன்: பறவைகளைப் பார்க்கும் மருத்துவரிடம் அழைத்து வரும் வழியிலேயே காட்டிவிடுங்கள். அன்று எப்படியும் அதற்குக் கெட்ட நாள். ஆட்கள் பிடிப்பதும் புரட்டிப் பார்ப்பதும் அன்றோடு, அதுவும் வேறொருவர் கையால், முடிந்துபோகட்டும். இரண்டு வாரம் கழித்து நீங்களே துண்டைப் போட்டுப் பிடித்தால், அதுவரை சேர்த்த நம்பிக்கை அத்தனையும் அந்தத் துண்டோடு போய்விடும். சிட்டகோசிஸ் என்ற நோய் காய்ந்த எச்சத்தின் தூசி வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் அதற்கான சோதனையைப் பற்றியும் கேளுங்கள். எடையைக் கிராம் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் 30 முதல் 45 நாள் வரை தனி அறைதான்.

முதல் நாட்களில் ஒன்றும் செய்யாதீர்கள்

சொல்வது சுலபம், செய்வது கடினம். உறவினர்களைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டிப் படமெடுக்காதீர்கள், பேச வைக்கப் பார்க்காதீர்கள். தண்ணீர், தீனி, எச்சம் விழுந்த தாளை மாற்றுவது ஆகியவை மட்டும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், ஒரே பக்கத்திலிருந்து நடக்கட்டும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் குறையும். அறைக்குள் நுழையும் முன் வெளியிலிருந்தே ஒரு சொல் சொல்லுங்கள் அல்லது மெல்ல விசிலடியுங்கள். இரவில் 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். குறிப்பாகக் காக்கட்டீல்கள் (தலையில் கொண்டையுள்ள சிறு கிளிகள்) கும்மிருட்டில் திடீரென மிரண்டு கூண்டுக்குள்ளேயே மோதிக்கொள்ளும். அவற்றுக்கு ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மற்ற நேரத்தில் அதே அறையில் தள்ளி உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். கண்கள் சந்தித்தால் மெல்ல இமைத்துப் பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். எதையாவது வாய்விட்டுப் படிப்பது மிக நல்லது. உங்கள் குரல் கேட்கும், ஆனால் உங்கள் கவனம் அதன்மேல் இருக்காது. கவனிக்கப்படாமல் கவனிக்கும் வாய்ப்புக் கிடைத்தால் கிளி உங்களை எடைபோட்டுக்கொள்ளும்.

ஒன்றை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள்: தின்கிறதா? விதைக் கிண்ணம் எட்டிப் பார்த்தால் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், மேலே கிடப்பதெல்லாம் வெறும் உமியாக இருக்கும். ஊதிப் பாருங்கள். பிறகு எச்சத்தைப் பாருங்கள். எண்ணிக்கை சட்டென்று குறைந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ மருத்துவரைக் கூப்பிட வேண்டும். நாள் முழுக்க உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, மூச்சு விடும்போதெல்லாம் வால் ஏறி இறங்குவது, கூண்டின் அடித்தளத்தில் போய் உட்காருவது ஆகியவற்றைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள், நோயாக இருக்கலாம். கிளிகள் நோயை முடிந்தவரை மறைக்கும். வெளியே தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

உடம்பு பேசுவதைக் கேளுங்கள்

அமெரிக்க விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க் 1977 முதல் 2007 வரை ஆய்வு செய்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, சோதனை அலுத்துப்போனால் “திரும்பிப் போகணும்” என்று ஆங்கிலத்தில் வாய்விட்டே சொல்லிவிடும். உங்கள் கிளிக்கு அந்த வசதி இல்லை. உடம்பால்தான் சொல்லும், அதுவும் முதலில் மிகச் சன்னமாகச் சொல்லும்.

பயத்தின் முதல் அடையாளம் இறகுகள் உடம்போடு ஒட்டிப்போவது. கிளி திடீரென ஒல்லியாகவும் உயரமாகவும் தெரியும். கண் வட்டமாக விரியும். தின்றுகொண்டிருந்தால் வாய் நின்றுபோகும். கையில், அதாவது காலில், பிடித்த விதை பாதி வழியில் அப்படியே நிற்கும். அடுத்து உடம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும், ஒரு கால் பின்னால் நகரும். இந்த இடத்திலேயே நீங்கள் நின்றுவிட்டால் பயம் அத்தோடு அடங்கிவிடும். நிற்காவிட்டால்தான் அலகு திறக்கும், பிடரி இறகு சிலிர்க்கும், வால் விசிறிபோல் விரியும். காக்கட்டீலும், அதைவிடப் பெரிய கொண்டைக் கிளியான காக்கட்டூவும் கொண்டையைத் தலையோடு படியவைத்துச் சீறினால் அது கடைசி எச்சரிக்கை.

கண்மணி சட்சட்டென்று சுருங்கி விரிவதைப் பார்த்தால் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். மகிழ்ச்சியிலும் அப்படி ஆகும், கோபத்திலும் ஆகும். அமேசான் கிளியிடம் வாலும் விரிந்து கண்ணும் அப்படி மின்னினால் கையைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல அறிகுறிகள் இதைவிட அமைதியானவை. உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி இறகுகளைச் சரிசெய்வது, உங்கள் எதிரிலேயே இறகு கோதுவது, ஒரு காலை மடக்கி உட்காருவது, தூக்கம் வரும்போது அலகை அரைத்து மெல்லிய கரகரப்பை எழுப்புவது. இறகு கோதும் கிளிக்குத் தலையைத் திருப்பி முதுகுப்பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஆபத்து இருப்பதாக நினைத்தால் அதைச் செய்யாது. ஆகவே நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது முதன்முறை கோதத் தொடங்கினால் அது பெரிய முன்னேற்றம். எழுந்து போய்ப் பாராட்டிக் கெடுத்துவிடாதீர்கள்.

நெருங்குவதும் விலகுவதும்

எந்தத் தூரத்தில் கிளி ஒல்லியாகிறது என்று கண்டுபிடியுங்கள். அது கூண்டிலிருந்து மூன்றடியாகவும் இருக்கலாம், அறைவாசலாகவும் இருக்கலாம். அந்த எல்லைக்கு ஓரடி முன்பே நின்றுவிடுங்கள். காத்திருங்கள். ஒரு இமைப்பு, ஒரு உலுக்கு, தலையை வேறு பக்கம் திருப்புவது என்று சிறிய தளர்வு ஏதாவது தெரிந்த உடனே நீங்கள் விலகிப் போங்கள். மிரண்ட கிளிக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு நீங்கள் விலகிப் போவதுதான். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனால் உண்மை. அமைதியாக இருந்தால் இந்த ஆள் போய்விடுவார் என்று அது கற்றுக்கொள்ளும். சீறவோ படபடக்கவோ தேவை குறையும். பிறகு ஒவ்வொரு நாளும் எல்லை தானாகவே உள்ளே நகரும்.

இதோடு தீனியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எது உயிர் என்று முதலில் தெரிய வேண்டும். காலையில் கிண்ணத்தில் பலவகை வைத்துவிட்டுத் தள்ளியிருந்து பாருங்கள். எதை முதலில் பொறுக்குகிறதோ அதுதான். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாகவோ வாதுமைத் துண்டாகவோ இருக்கும். அன்றிலிருந்து அந்தப் பண்டம் பொதுக் கிண்ணத்தில் வரக் கூடாது, உங்களிடமிருந்து மட்டுமே வர வேண்டும். அதற்காக மற்றத் தீனியைக் குறைத்துப் பட்டினி போடுவது தவறு; பசிக்கு அடிபணிவது நம்பிக்கை ஆகாது.

கூண்டைக் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் ஒரு விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள். தின்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டாம். சில நாளிலோ சில வாரத்திலோ, நீங்கள் வருவதைப் பார்த்தவுடன் அது கிண்ணத்தின் பக்கம் நகரத் தொடங்கும். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கூண்டுக்குள் கையை விட்டு, பழகும்வரை அப்படியே வைத்திருங்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். கிளி சற்று நேரம் படபடத்துவிட்டு அடங்கிப்போகும், வேலை செய்துவிட்டதுபோலவும் தோன்றும். அது பழகவில்லை, போராடிப் பயனில்லை என்று கைவிட்டிருக்கிறது. இந்த முறையை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கையுறையும் அப்படித்தான், உங்கள் பயத்தைத்தான் குறைக்கும், கிளியின் பயத்தைப் பெருக்கும்.

கம்பி வழியே ஒரு விதை, பிறகு ஒரு குச்சி

கூண்டின் வெளியே, கம்பிக்கு அருகில் விதையைப் பிடித்துக் காட்டுங்கள். கையைக் கண்டே பயம் என்றால் நீண்ட கரண்டியில் வைத்து நீட்டுங்கள். கரண்டியின் காம்பைப் பிடிக்கும் இடத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னால் கொண்டுவரலாம். கிளி வருகிறதா என்று மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். வராவிட்டால் விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். முதன்முறை எடுக்கும்போது கழுத்தை மட்டும் நீட்டும், கால்கள் கம்பில் பின்னாலேயே இருக்கும், அலகின் நுனியால் விதையைச் சட்டென்று பறித்துக்கொண்டு மறுகோடிக்கு ஓடிப்போய்த் தின்னும். ஓடட்டும். நின்ற இடத்திலேயே தின்னும் நாள் வரும்போது அடுத்த படி.

அடுத்தது குச்சியைத் தொடும் பயிற்சி. விலங்குப் பயிற்சியாளர்கள் பலரும் பயன்படுத்துவது இது. மிரண்ட கிளிக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தொடாமலே நடக்கிறது. மெல்லிய மரக்குச்சி ஒன்று போதும். அதைக் கம்பிக்கு வெளியே காட்டுங்கள். கிளி அதைப் பார்த்தாலே “சரி” என்று ஒரே மாதிரிக் குரலில் சொல்லி விதை கொடுங்கள். கிளிக்கர் (அமுக்கினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவி) வைத்திருந்தால் அந்தச் சத்தத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் சில கிளிகள் அதற்கும் மிரளும். கிளிக்கரைத் துணியில் சுற்றி அமுக்குங்கள் அல்லது சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு பார்த்தால் போதாது, தலையைக் கொண்டுவந்தால்தான் விதை. பிறகு அலகால் தொட்டால்தான். தொட்ட கணத்தில் “சரி”. மென்று தீர்ப்பதற்குள் குச்சியை விலக்கிவிடுங்கள். தொடத் தெரிந்துவிட்டால் குச்சியை ஓரங்குலம் தள்ளி வையுங்கள். அது ஓரடி எடுத்துவைக்கும். இப்படியே கம்பு விட்டுக் கம்பு, கூண்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி.

ஒரு தடவைக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு தடவை. கிளிக்கு இன்னும் வேண்டும் என்றிருக்கும்போதே நிறுத்துங்கள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் அன்றைய பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சாதீர்கள்.

கதவைத் திறந்தபின்

கதவைத் திறப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னல்களைச் சாத்துங்கள், கண்ணாடிகளைத் திரையிட்டு மூடுங்கள், மற்றப் பிராணிகளை வெளியேற்றுங்கள். கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகி உட்காருங்கள். வெளியே வருவதும் வராததும் அதன் விருப்பம். சில கிளிகள் பல நாள் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். வெளியே வந்தால் குச்சியையே காட்டி, கூண்டின் மேலும் பக்கத்திலும் நடக்கவிட்டு, குச்சியாலேயே உள்ளே திரும்ப அழைத்து, உள்ளே வந்ததற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விதை கொடுங்கள். துரத்திப் பிடித்து உள்ளே போடும் நிலை வராதபடி, பசியாறும் நேரத்துக்குச் சற்று முன்பு வெளியே விடுவது நல்ல ஏற்பாடு.

சிறகு வெட்டப்பட்ட கிளியிடம் கூடுதல் பொறுமை வேண்டும். பறந்து தப்ப முடியாது என்று தெரிந்த கிளி சீக்கிரம் கடிக்கும். பதறிக் குதித்தால் கல்போல் விழுந்து நெஞ்செலும்பில் அடிபடும். தரையில் மெத்தென்று ஏதாவது விரித்துவையுங்கள். பயந்து பறக்கும் கிளியை அடக்கச் சிறகை வெட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம்.

கையில் ஏறுவதற்கு முன் ஒரு கம்பில் ஏறக் கற்றுக்கொடுங்கள். கம்பை அதன் கால்களுக்குச் சற்று மேலே, வயிற்றின் கீழ்ப்பகுதிக்கு எதிரில், அசையாமல் பிடியுங்கள். மறுபுறம் குச்சியைக் காட்டுங்கள். குச்சியைத் தொட வேண்டுமானால் ஒரு கால் கம்பில் வர வேண்டும். ஒரு காலுக்கே விதை கொடுங்கள். வயிற்றில் இடித்து ஏற்றாதீர்கள். இது சரளமானபின் கம்பைப் பிடித்திருக்கும் கை மெல்ல மெல்ல முன்னேறி, ஒருநாள் கம்பின் இடத்தில் கையே இருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கிளி ஏறுவதற்கு முன் குனிந்து, அலகைத் திறந்து, உங்கள் விரலைப் பிடித்துப் பார்க்கும். கடிக்க வரவில்லை, அலகு அதற்கு மூன்றாவது கால். இந்தக் கிளை தாங்குமா என்று சோதிக்கிறது. பதறிப்போய் விரலை இழுத்தால் கிளை ஆடிவிட்டது என்று அர்த்தம். அடுத்தமுறை இன்னும் அழுத்திப் பிடித்துப் பார்க்கும், அது நிஜமாகவே வலிக்கும். சோதிக்க வரும் அலகு மெதுவாக வரும், இறகுகள் தளர்ந்திருக்கும், நாக்கு தட்டுப்படும். கடிக்க வரும் அலகு வேகமாக, ஒட்டிய இறகோடும் விறைத்த கழுத்தோடும் வரும். இந்த வேறுபாட்டைக் கம்பில் ஏறும்போதே நன்றாகப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் கத்த வேண்டாம், உதற வேண்டாம், அலகில் தட்டவே வேண்டாம். அருகில் உள்ள மேசையிலோ கம்பிலோ இறங்க வழிசெய்துவிட்டு, சற்று நேரம் விலகியிருங்கள். கையை எடுத்தால் அது வென்றதாக நினைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள் என்பார்கள். கிளி உங்களோடு போட்டிக்கு நிற்கவில்லை. அது ஏற்கெனவே பலமுறை சொன்னதை நீங்கள் கேட்கவில்லை என்பதால் கடைசியில் கத்திச் சொல்லியிருக்கிறது. கடிக்குச் சற்று முன் என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். இரண்டு மூன்று குறிப்புகளிலேயே காரணம் பிடிபடும்.

எவ்வளவு நாள் ஆகும்?

சில கிளிகளுக்கு வாரங்கள், சிலவற்றுக்கு ஆண்டுக்கும் மேல். சாம்பல் கிளியும் அமேசான் கிளியும் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை. ஆறு மாதம் அதில் பெரிய காலமல்ல. முதல் இரண்டு வாரம் சாதுவாக இருந்துவிட்டுப் பிறகு திடீரெனக் கடிக்கத் தொடங்கும் கிளிகளும் உண்டு. முதலில் இருந்தது சாதுத்தனமல்ல, திகைப்பு. இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் காலத்திலும், இனப்பெருக்கக் காலத்திலும் சிடுசிடுப்பு கூடும். அப்போது ஒரு படி பின்னால் வந்து நின்றுகொண்டால் போதும்.

தொட அனுமதி கிடைத்தால் தலையும் கழுத்தும் மட்டும். முதுகையும் சிறகின் அடிப்பக்கத்தையும் வருடுவது அதற்கு இணைசேரும் அழைப்பு. பின்னால் தேவையில்லாத சிக்கல். வீட்டில் உங்களிடம் மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைத் துரத்தினால், அதற்கு மிகப் பிடித்த பண்டத்தைக் கொடுக்கும் உரிமையை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, எல்லாம் சரியாக இருக்கும்போதே செய்யவேண்டியது: பயணக்கூண்டுப் பழக்கம். அதைக் கிளியின் கண்ணில் படும்படி சில நாள் சும்மா வையுங்கள். பிறகு கதவைக் கழற்றிவிட்டு வாசலில் விதை, உள்ளே விதை, குச்சியைத் தொட உள்ளே ஓரடி. உள்ளே நின்று தின்னும் அளவுக்கு வந்ததும் கதவை மாட்டி, ஒரு நொடி சாத்தித் திறங்கள்; பிறகு சாத்தித் தூக்கி அறையைச் சுற்றி வாருங்கள். எடை பார்க்கும் தராசிலும் ஒரு கம்பை வைத்து இதேபோல ஏறப் பழக்கிவிட்டால், வாரம் ஒருமுறை எடை குறிக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் அந்தப் பயணக்கூண்டிலேயே ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோய்விடலாம்.